தயான் சந்த்: கணக்கில் வந்த கோல்களும் கணக்கில் வராமல் போன ஆண்டுகளும்

ஆகஸ்ட் 29 வந்தால் நாடு முழுக்க தேசிய விளையாட்டு தினம். பள்ளிக்கூடங்களில் ஓட்டப்பந்தயம், கபடி, கோ-கோ என்று ஏதாவது நடக்கும். குமாரலிங்கபுரம், அருப்புக்கோட்டை, திருச்சுழி என்று நீளும் கரிசல் பூமிப் பிள்ளைகளுக்கும் அந்தத் தேதி தெரியும். அது யாருடைய பிறந்தநாள் என்று கேட்டால் தயான் சந்த் என்று பதில் வரும். ஹாக்கி வீரர், மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். அதற்கு மேல் கேட்டால் ஹிட்லரைப் பற்றி ஒரு கதை வரும். அவ்வளவுதான்.

ஆனால், அவர் வாழ்க்கையில் இரண்டு கணக்கு இருக்கிறது. ஒன்று, அவர் போட்ட கோல்களின் கணக்கு. இன்னொன்று, அவர் ஆட முடியாமலே போன ஆண்டுகளின் கணக்கு. முதல் கணக்கை எல்லோரும் சொல்வார்கள். இரண்டாவதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவர் எப்படிப்பட்ட ஆட்டக்காரர் என்பது முழுசாகப் புரியும்.

மல்யுத்தம் பிடித்த பையன்

தயான் சந்த் 1905 ஆகஸ்ட் 29-ல் அலகாபாத்தில் பிறந்தார். அப்பா சமேஷ்வர் தத் சிங் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்தவர், ராணுவ அணிக்கு ஹாக்கி ஆடியவர். ராணுவ வேலை என்றால் ஊர் ஊராக மாற்றல்தான். அதனால் பையனின் படிப்பு ஆறு வகுப்போடு நின்றுபோனது. கடைசியில் குடும்பம் ஜான்சியில் வேர்விட்டது. அதுதான் அவருக்குச் சொந்த ஊர் ஆனது.

சின்ன வயசில் அவருக்கு ஹாக்கி மேல் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. பிடித்தது மல்யுத்தம். 1922-ல், சரியாக 17 வயது முடிந்த நாளில், முதலாம் பிராமணர் ரெஜிமெண்டில் சாதாரண சிப்பாயாகச் சேர்ந்தார். மட்டையை ஒழுங்காகப் பிடித்தது அங்கேதான். சுபேதார் மேஜர் பாலே திவாரி என்பவர்தான் முதல் குரு. பந்தை எப்படிக் கொண்டு போவது, எப்போது விடுவது என்று சொல்லிக் கொடுத்தவர் அவர்.

பகலெல்லாம் டியூட்டி. முடித்துவிட்டு வந்தால் இருட்டிவிடும். மைதானத்தில் விளக்கு கிடையாது. நிலா வெளிச்சத்தில்தான் பயிற்சி. அவருடைய பெயர் தயான் சிங். நிலாவுக்காகக் காத்திருந்து ஆடியதால் கூட இருந்தவர்கள் சந்த், அதாவது நிலா, என்று சேர்த்துக் கூப்பிட ஆரம்பித்தார்கள் என்பது அவர் பெயருக்குச் சொல்லப்படும் காரணம்.

அந்தக் காலத்து ஹாக்கி எப்படி இருந்தது?

இன்றைக்கு டி.வி-யில் பார்க்கும் ஹாக்கி வேறு. நீல நிறச் செயற்கைப் புல், தண்ணீர் தெளித்த தரை, தலா 15 நிமிஷமாக நான்கு பகுதி, நினைத்த நேரத்தில் ஆளை மாற்றலாம். தயான் சந்த் ஆடியது புல்தரையிலும் மண் தரையிலும். பந்து எங்கே எகிறும், எங்கே நிற்கும் என்று தரைதான் முடிவு செய்யும். 35 நிமிஷமாக இரண்டு பாதி. மாற்று ஆட்டக்காரர் கிடையாது.

ஆட்டத்தைத் தொடங்குவதே வேறு மாதிரி இருந்தது. நடுக்கோட்டில் இரண்டு அணியிலிருந்தும் ஒவ்வொருவர் நேருக்கு நேர் நின்று, மட்டையால் தரையையும் எதிராளி மட்டையையும் மாற்றி மாற்றி மூன்று முறை தட்டிவிட்டு, பந்துக்குப் பாய வேண்டும். புல்லி என்று பெயர். ஆஃப்சைடு விதியும் உண்டு. எதிரணியின் கோலுக்குப் பக்கத்தில் போய்ச் சும்மா நின்றுகொண்டு பந்துக்குக் காத்திருக்க முடியாது. அந்த விதி 1990-களின் கடைசியில்தான் அடியோடு போனது.

முன்வரிசையில் ஐந்து பேர், அவர்களுக்குப் பின்னால் மூன்று பேர், அதற்குப் பின்னால் இரண்டு பேர், கடைசியில் கோல் கீப்பர். இதுதான் அன்றைய வழக்கம். அந்த ஐந்து பேரில் நடுவில் நிற்கும் சென்டர் ஃபார்வர்டுதான் தயான் சந்த்.

ஒரு விதி அன்றும் இன்றும் மாறவில்லை. கோலுக்கு முன்னால் இருக்கும் வளைவுக்குள், அதாவது நம்மூர்ப் பையன்கள் டி என்று சொல்கிற கட்டத்துக்குள், தாக்கும் அணியின் மட்டை பட்டுப் போனால்தான் கோல். தூரத்திலிருந்து அடித்து நேரே உள்ளே போனால் செல்லாது. அதனால் டி-க்குள் பந்தோடு நுழைவதுதான் ஹாக்கியில் பாதி வித்தை. தயான் சந்த்தின் பெயர் நின்றது அதில்தான். பந்து மட்டையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி வரும் என்று பார்த்தவர்கள் சொல்லிவைத்தார்கள். அதைவிட முக்கியமான இன்னொரு குணமும் அவருக்கு இருந்தது. தன்னைவிட நல்ல இடத்தில் யாராவது நின்றால் பந்தை உடனே அவருக்குக் கொடுத்துவிடுவார்.

கப்பலேறிய சிப்பாய்

இந்திய ஹாக்கி சம்மேளனம் 1925-ல் உருவானது. அடுத்த வருஷமே ராணுவ அணி ஒன்று நியூசிலாந்துக்குக் கிளம்பியது. தயான் சந்த்துக்கு அப்போது இருபது வயது. வெளிநாடு போவது அதுதான் முதல் தடவை. 21 ஆட்டம் ஆடினார்கள். 18 வெற்றி, 2 டிரா, ஒரே ஒரு தோல்வி. அணி போட்ட 192 கோலில் நூற்றுக்கு மேல் தயான் சந்த்துடையது. திரும்பி வந்ததும் சிப்பாயாக இருந்தவருக்கு லான்ஸ் நாயக் பதவி கிடைத்தது.

1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக். இந்திய ஹாக்கி அணி ஒலிம்பிக்குக்குப் போவது அதுவே முதல் முறை. பம்பாய் துறைமுகத்தில் வழியனுப்ப வந்தவர்கள் மூன்றே பேர். அங்கே போய் ஆஸ்திரியாவை 6-0, பெல்ஜியத்தை 9-0, டென்மார்க்கை 5-0, சுவிட்சர்லாந்தை 6-0 என்று வென்றார்கள். மே 26 இறுதி ஆட்டத்தில் உள்ளூர் அணியான நெதர்லாந்தை 3-0. மொத்தம் 29 கோல் போட்டு, ஒரு கோலும் வாங்கவில்லை. அந்த 29-ல் 14 கோல் தயான் சந்த்துடையது. இறுதி ஆட்டத்தன்று அணியில் சிலர் காயம், சிலர் காய்ச்சல். தயான் சந்த்துக்கும் உடம்பு சரியில்லை. அப்படியே இறங்கி ஆடினார். அதே பம்பாய் துறைமுகத்தில் திரும்பி வந்து இறங்கியபோது ஆயிரக்கணக்கில் கூட்டம்.

பிரிட்டன் அந்த ஒலிம்பிக்கில் ஹாக்கி அணி அனுப்பவில்லை. 1932-லும் 1936-லும் அப்படியே. தன்னை ஆண்ட நாட்டை ஒலிம்பிக் மைதானத்தில் எதிர்த்து ஆடும் வாய்ப்பு தயான் சந்த்துக்குக் கடைசி வரை கிடைக்கவே இல்லை.

24-1: எப்படி இது நடந்தது?

1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்குக்கு வீரர்களைத் தேர்ந்தெடுக்க மாகாணங்களுக்கு இடையே போட்டி வைத்தார்கள். தயான் சந்த் அப்போது வடமேற்கு எல்லைப்புறத்தில் ராணுவ வேலையில் இருந்தார். லீவு கிடைக்கவில்லை. தேர்வுப் போட்டியில் ஆடாமலேயே அவரை அணியில் எடுத்தார்கள். கூடவே தம்பி ரூப் சிங்கும் இடம் பிடித்தார். போகிற வழியில் இலங்கையில் இரண்டு ஆட்டம். 20-0, 10-0 என்று அங்கேயே கை சூடாகிவிட்டது.

உலகம் முழுக்கப் பெருமந்தம் அடித்துக்கொண்டிருந்த நேரம். அமெரிக்காவரை அணி அனுப்பப் பல நாடுகளிடம் காசில்லை. அதனால் ஹாக்கியில் மொத்தமே மூன்று அணிகள்: இந்தியா, ஜப்பான், அமெரிக்கா. ஜப்பானை 11-1 என்று வென்ற இந்தியா, ஆகஸ்ட் 11-ல் அமெரிக்காவை 24-1 என்று வென்றது. ரூப் சிங் 10, தயான் சந்த் 8. ஒலிம்பிக் ஹாக்கியில் இன்றுவரை ஒரே ஆட்டத்தில் இவ்வளவு கோல் யாரும் போட்டதில்லை.

இந்த எண்ணைப் பார்த்து மலைப்பது இயல்பு. ஆனால் அமெரிக்க அணி அப்போதுதான் ஹாக்கியைக் கற்றுக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 24 கோல் என்பது பெரிய சாதனைதான். தயான் சந்த்தின் பெரிய ஆட்டம் அது இல்லை.

அவருக்கே பிடித்த ஆட்டம் எது?

அது ஒலிம்பிக்கில் நடக்கவில்லை. 1933-ல் கல்கத்தாவில் நடந்த பெய்ட்டன் கோப்பை இறுதி ஆட்டம். ஒரு பக்கம் கல்கத்தா கஸ்டம்ஸ், அந்தக் காலத்தில் பெரிய அணி. இன்னொரு பக்கம் தயான் சந்த்தின் சொந்த ஊர் அணியான ஜான்சி ஹீரோஸ். பெயர்தான் ஹீரோஸ், பெரிய பணமோ கம்பெனியோ பின்னால் இல்லாத ஊர் கிளப்.

ஆட்டம் முழுக்க கஸ்டம்ஸ்தான் நெருக்கியது. ஜான்சியின் தடுப்பு ஆட்டம் திணறிக்கொண்டிருந்தது. அப்போது நடு மைதானத்தில் தயான் சந்த்துக்குப் பந்து கிடைத்தது. அவர் தானே கொண்டு போகவில்லை. முன்னால் இருந்த இஸ்மாயிலுக்கு நீளமாக ஒரு பாஸ் கொடுத்தார். இஸ்மாயில் பாதி மைதானம் ஓடினார். கஸ்டம்ஸ் தடுப்பு வீரருக்கும் கோல் கீப்பருக்கும் நடுவில் யார் பந்தை எடுப்பது என்று ஒரு குழப்பம். அந்த நொடியில் இஸ்மாயில் கோல் போட்டுவிட்டார். 1-0. அந்த ஒரு கோலில் கோப்பை ஜான்சிக்கு.

பெரிய பெரிய கோல்களைப் போட்டவர், தன் வாழ்க்கையின் சிறந்த ஆட்டம் என்று எடுத்துச் சொன்னது தன் பெயரில் கோல் எழுதப்படாத ஒரு ஆட்டத்தை. ஸ்கோர் அட்டையில் இஸ்மாயில் பெயர்தான் இருக்கும். பாஸ் கொடுத்தவர் பெயர் இருக்காது. தயான் சந்த்தின் கோல் கணக்கை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இந்த மாதிரி எத்தனையோ கோல்கள் நம் கைக்கு வராமலே போய்விடும்.

பெர்லின், 1936 ஆகஸ்ட் 15

1935-ல் அவர் தலைமையில் அணி நியூசிலாந்து, ஆஸ்திரேலியா போனது. அந்தப் பயணத்தில் இந்தியா போட்ட 584 கோலில் 201 அவருடையது. அடிலெய்டில் கிரிக்கெட் வீரர் டான் பிராட்மேனைச் சந்தித்ததும் அப்போதுதான். மறுவருஷம் பெர்லின் ஒலிம்பிக்குக்கும் அவரே கேப்டன்.

தொடக்கம் நன்றாக இல்லை. ஜூலை 17-ல் ஜெர்மனியோடு ஆடிய பயிற்சி ஆட்டத்தில் இந்தியா 4-1 என்று தோற்றது. கேப்டனுக்குத் தூக்கம் போனது. உள் முன்வரிசையில் ஆள் சரியில்லை என்று, ஊரில் இருந்த அலி தாராவை விமானத்தில் அனுப்பச் சொன்னார்கள். அவர் அரை இறுதிக்கு வந்து சேர்ந்தார். அதற்குள் இந்தியா ஹங்கேரியை 4-0, அமெரிக்காவை 7-0, ஜப்பானை 9-0 என்று வென்றிருந்தது. அரை இறுதியில் பிரான்ஸ் 10-0.

இறுதி ஆட்டம் ஆகஸ்ட் 14-ல் நடக்க வேண்டியது. மழை பெய்து மைதானம் ஊறிவிட்டதால் மறுநாளுக்குத் தள்ளிவைத்தார்கள். எதிரே அதே ஜெர்மனி. பயிற்சி ஆட்டத்தின் தோல்வி எல்லோர் மனசிலும் இருந்தது. ஆட்டத்துக்கு முன்னால் உடை மாற்றும் அறையில் அணியின் துணை மேலாளர் பங்கஜ் குப்தா காங்கிரஸ் மூவர்ணக் கொடியை எடுத்து விரித்தார். பிரிட்டிஷ் இந்தியாவின் பெயரில் ஆட வந்த வீரர்கள், அதில் பலர் பிரிட்டிஷ் அரசின் சம்பளக்காரர்கள், அந்தக் கொடிக்கு வணக்கம் வைத்துவிட்டு மைதானத்துக்குப் போனார்கள். அதே தேதியில் 11 வருஷம் கழித்து நாடு சுதந்திரம் அடையும் என்று அன்று யாருக்கும் தெரியாது.

முதல் பாதியில் தரை ஈரம். இந்தியாவுக்கு ஒரே ஒரு கோல்தான். இரண்டாம் பாதிக்கு தயான் சந்த் ஆணி வைத்த ஷூவைக் கழற்றிவிட்டு ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூவோடு வந்தார். வேகம் கூடியது. கோல்கள் வரிசையாக விழுந்தன. நடுவில் ஜெர்மன் கோல் கீப்பரோடு மோதி அவருக்குப் பல் உடைந்தது. முதலுதவி முடிந்து திரும்பி வந்தவர், பழிக்குப் பழி என்று இறங்கவில்லை. டி வரைக்கும் பந்தைக் கொண்டு போய், கோல் போடாமல் திருப்பிக் கொண்டு வரும்படி தன் ஆட்களிடம் சொன்னார். பந்தை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று எதிரணிக்கும் பார்வையாளர்களுக்கும் காட்டுகிற பாடம் அது. முடிவு 8-1. அந்த ஒலிம்பிக்கில் இந்தியா வாங்கிய ஒரே கோல் அதுதான்.

அந்த எட்டில் தயான் சந்த்துடையது எத்தனை? சில பதிவுகள் மூன்று என்கின்றன, வேறு சில ஆறு என்கின்றன. மூன்று ஒலிம்பிக்கிலும் சேர்த்து அவர் போட்டதிலும் இதே மாதிரி வித்தியாசம் உண்டு. அன்றைய ஆட்டக் குறிப்புகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததுதான் காரணம். சுற்றுப்பயண ஆட்டங்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற குழப்பத்தால் அவருடைய மொத்த கோல் கணக்கும் ஆளுக்கு ஒரு எண்ணாகச் சுற்றுகிறது. சந்தேகமே இல்லாத கணக்கு ஒன்று உண்டு. மூன்று ஒலிம்பிக்கில் இந்தியா ஆடியது 12 ஆட்டம். போட்டது 102 கோல். வாங்கியது மூன்று.

ஹிட்லர் வேலை கொடுத்தாரா?

ஜெர்மன் ராணுவத்தில் பெரிய பதவி தருகிறேன் என்று ஹிட்லர் கூப்பிட்டார், தயான் சந்த் மறுத்துவிட்டார் என்பது பிரபலமான கதை. அதற்கு உறுதியான ஆவணம் இல்லை. வியன்னாவில் நாலு கை, நாலு மட்டையோடு அவருக்குச் சிலை இருக்கிறது என்பதும், நெதர்லாந்தில் அவர் மட்டையை உடைத்துக் காந்தம் இருக்கிறதா என்று பார்த்தார்கள் என்பதும் அதே வகைதான். நடந்ததே போதுமான அளவுக்குப் பெரியது. இந்தக் கதைகள் இல்லாவிட்டாலும் அவர் பெருமை குறையாது.

நின்றுபோன ஆட்டங்கள்

1936-ல் தங்கம் வாங்கியபோது அவருக்கு 31 வயது முடியவில்லை. அடுத்த ஒலிம்பிக் 1940-ல் டோக்கியோவில் நடப்பதாக இருந்தது. சீனாவோடு போரில் இறங்கிய ஜப்பான் 1938-ல் அதைக் கைவிட்டது. ஹெல்சின்கிக்கு மாற்றினார்கள். அதற்குள் இரண்டாம் உலகப் போர் வந்து அதுவும் ரத்து. 1944-ல் லண்டனில் நடக்க வேண்டியதும் ரத்து. 1936-க்குப் பிறகு ஒலிம்பிக் நடந்தது 1948-ல்தான். 12 வருஷ இடைவெளி.

வானம் பார்த்த பூமியில் பாடுபடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு சொல்லாமலே விளங்கும். ஐப்பசி மழை பொய்த்தால் அந்த வருஷ வெள்ளாமை போனது போனதுதான். அடுத்த வருஷம் எவ்வளவு நன்றாகப் பெய்தாலும் போன வருஷத்துக்கும் சேர்த்து விளையாது. ஆட்டக்காரர்களின் வயசும் அப்படித்தான். 1940-ல் தயான் சந்த் 35-ஐத் தொட்டிருப்பார், 1944-ல் 39-ஐ. குறைந்தது இன்னும் ஒரு ஒலிம்பிக்காவது அவர் ஆடியிருக்க முடியும். தம்பி ரூப் சிங் மூன்று வயது இளையவர். அவருக்கு இழப்பு இன்னும் ஜாஸ்தி.

இழந்தது பெரிய பெயர்கள் மட்டும் இல்லை. 1936-ல் 18, 20 வயதில் நன்றாக ஆடிக்கொண்டிருந்த பல பையன்களுக்கு ஒலிம்பிக் நடக்கும்போது 30 தாண்டிவிட்டது. அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அதற்குள் நாடும் இரண்டாகப் பிரிந்தது. பெர்லினில் தயான் சந்த்தோடு சேர்ந்து ஆடிய அலி தாரா, 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பாகிஸ்தான் அணிக்குக் கேப்டன்.

சரி, இந்த 12 வருஷம் தயான் சந்த் என்ன செய்தார்? அவர் ராணுவக்காரர். 1938-ல் ஜமேதார் ஆனார். போர்க்காலத்தில் அதிகாரி பதவிக்கு உயர்ந்தார். ஆனால் மட்டையைக் கீழே வைக்கவில்லை. போரின் கடைசிக் கட்டத்தில் ராணுவ ஹாக்கி அணி ஒன்றுக்குத் தலைமை தாங்கி மணிப்பூர், பர்மா, இலங்கை என்று போர்முனைகளுக்குப் பக்கத்திலேயே போய் ஆடினார். பார்த்தவர்கள் சிப்பாய்கள். மெடல் கிடையாது, கோப்பை கிடையாது. மழை இல்லாத வருஷத்திலும் விதையைத் தின்றுவிடாமல் எடுத்துவைக்கிற சம்சாரியின் வேலை மாதிரி அது.

1947 கடைசியில் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. அங்கே இருந்த ஆசிய விளையாட்டுச் சங்கம் இந்திய அணியைக் கூப்பிட்டது, ஒரே ஒரு நிபந்தனையோடு: தயான் சந்த் வர வேண்டும். 42 வயதில் போனார். 22 ஆட்டத்தில் 61 கோல் போட்டார். அந்த அணியில் கே.டி.சிங் பாபு மாதிரி இளையவர்கள் இருந்தார்கள். அடுத்த வருஷம் லண்டனில் இந்தியா பிரிட்டனை 4-0 என்று வென்று, சுதந்திர நாடாக முதல் ஒலிம்பிக் தங்கம் வாங்கியபோது பாபு அந்த அணியின் துணைக் கேப்டன். தயான் சந்த் ஆடாத ஆட்டம்தான் அது. ஆனால் அவர் பக்கத்தில் நின்று ஆடிப் பழகியவர்கள் ஆடிய ஆட்டம்.

சென்னையில் வந்த சுயசரிதை

பெரிய ஆட்டங்களிலிருந்து ஒதுங்கிய பிறகு தன் கதையை எழுதினார். கோல் என்பது புத்தகத்தின் பெயர். 1952-ல் அதை வெளியிட்டது சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம் என்ற விளையாட்டுப் பத்திரிகை. ஜான்சிக்காரரின் வாழ்க்கைக் கதை முதலில் புத்தகமானது நம்மூரில்.

1956-ல் மேஜராக ஓய்வு பெற்றார். அதே வருஷம் பத்ம பூஷண் விருது. பிறகு ராஜஸ்தானில் பயிற்சி கொடுத்தார். பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தில் தலைமை ஹாக்கிப் பயிற்சியாளராக இருந்தார். மகன் அசோக் குமாரும் பெரிய ஆட்டக்காரர் ஆனார். 1975 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானை 2-1 என்று வீழ்த்திய வெற்றி கோல் அசோக் குமாருடையது. சென்னைக்காரரான வி.ஜே.பிலிப்ஸும் அந்த அணியில் இருந்தார்.

கடைசிக் காலம் அவ்வளவு நன்றாக அமையவில்லை. கையில் காசு குறைவு. ஒருமுறை அகமதாபாத்தில் நடந்த போட்டிக்குப் போனபோது, அவர் யாரென்று தெரியாமல் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றுகூடச் சொல்வார்கள். கல்லீரல் புற்றுநோய் வந்தது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் பொது வார்டில் இருந்தார். 1979 டிசம்பர் 3-ல் இறந்தார். வயது 74. ஜான்சி ஹீரோஸ் மைதானத்திலேயே, ராணுவ மரியாதையோடு அவரைத் தகனம் செய்தார்கள்.

அடுத்த எட்டு மாதத்துக்குள் மாஸ்கோ ஒலிம்பிக். ஆப்கானிஸ்தான் பிரச்சினையால் பல நாடுகள் புறக்கணித்த ஒலிம்பிக் அது. ஹாக்கியில் ஆறு அணிகள் மட்டும். இறுதியில் ஸ்பெயினை 4-3 என்று வென்று இந்தியா தங்கம் வாங்கியது. கேப்டன் தமிழ்நாட்டுக்காரரான வி.பாஸ்கரன். ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியா இதுவரை கடைசியாக வாங்கிய தங்கம் அதுதான். அதைப் பார்க்க தயான் சந்த் இல்லை.

கரிசல் மண்ணில் ஹாக்கி

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்திலிருந்து தென்மேற்கே போனால் கோவில்பட்டி. தமிழ்நாட்டில் ஹாக்கி என்றதும் முதலில் ஞாபகம் வருகிற ஊர். தீப்பெட்டியும் கடலை மிட்டாயும் எவ்வளவு பிரசித்தமோ அவ்வளவு பிரசித்தம் அந்த ஊர் ஹாக்கி. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டிக்கு நாட்டின் பெரிய அணிகள் அங்கே வந்து ஆடுகின்றன. சுற்றுவட்டாரக் கிராமங்களில் மண் தரையில் ஆடி வளர்ந்த பையன்கள் பலர், ஹாக்கியால் ரயில்வே, ராணுவம், போலீஸ் என்று வேலைக்குப் போயிருக்கிறார்கள்.

1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி செயற்கைப் புல்லுக்கு மாறியதும் இந்த மாதிரி ஊர்களுக்குத்தான் பெரிய அடி. மண் தரையில் கற்ற வித்தை அங்கே எடுபடவில்லை. இந்திய அணியே ஏழாவது இடத்துக்குப் போனது. செயற்கைப் புல் போட கோடிக்கணக்கில் செலவாகும். சின்ன ஊர் கிளப்புகளால் முடிகிற காரியமா அது? கோவில்பட்டிக்கே அந்தத் தரை வர 40 வருஷம் ஆனது. வந்ததும் பலன் தெரிந்தது. அங்கே பயிற்சி எடுத்த மாரீஸ்வரன் சக்திவேல், கார்த்தி செல்வம் இருவரும் 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடினார்கள். 2025 ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது.

பாரத ரத்னா ஏன் இல்லை?

2012 முதல் அவர் பிறந்தநாள் தேசிய விளையாட்டு தினம். டெல்லி தேசிய மைதானத்துக்கு அவர் பெயர். கொரோனாவால் ஒரு வருஷம் தள்ளிப்போன டோக்கியோ ஒலிம்பிக்கில் 41 வருஷத்துக்குப் பிறகு இந்திய ஆண்கள் அணி வெண்கலம் வாங்கியது. அந்த ஆட்டத்துக்கு மறுநாள், 2021 ஆகஸ்ட் 6-ல், நாட்டின் உயரிய விளையாட்டு விருதான கேல் ரத்னாவுக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. பாரத ரத்னா தர வேண்டும் என்ற கோரிக்கை பல வருஷமாக இருக்கிறது. விளையாட்டு வீரர்களில் முதலில் அதைப் பெற்றவர் சச்சின் டெண்டுல்கர். தயான் சந்த்துக்கு இன்னும் வரவில்லை.

விருது வந்தாலும் வராவிட்டாலும், போரில் போன 12 வருஷம் திரும்பி வராது. அந்த 12 வருஷத்திலும் கிடைத்த தரையில், கிடைத்த ஆட்களோடு அவர் ஆடிக்கொண்டே இருந்தார் என்பதுதான் முக்கியம். மைதானம் இல்லை, போட்டி நடக்கவில்லை என்று மட்டையை மூலையில் சாத்திவைக்க நினைக்கிற பையனுக்கும் பெண்ணுக்கும், ஹிட்லர் கதையைவிட இந்தக் கதைதான் உதவும்.